ஜெசீமாவின் கொப்பி

அன்பு மகளுக்கு,

உனக்கு என் ஸலாம். நான் நலம் என்று எழுதித் தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் உன் புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாய். "பழைய சொற்களின் கதவை எனக்கு முதலில் திறந்துவிட்ட என் உம்மாவுக்கு" என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. கூடவே உன் குரலும் வந்தது. "உம்மா, பாத்தீங்களா? அழக்கூடாது, சரியா?" என்று சிரித்தாய். நான் அழவில்லை. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போய், ஏற்கெனவே களைந்து வைத்திருந்த அரிசியை மறுபடியும் இரண்டு தடவை களைந்தேன். மூன்று நாள் உனக்குப் பதில் போடவில்லை. "உம்மாக்குப் புடிக்கல்லையா?" என்று கேட்டாய். எந்தத் தாய்க்கு மகளே அது பிடிக்காமல் போகும்? அந்த வரி பொய் என்பதுதான் விஷயம். பொய்யை உனக்குச் சொன்னவள் நான். புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று சொன்னாய். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். தட்டச்சு செய்யாமல் கையால்தான் எழுதுகிறேன். தாள்களைப் படம் பிடித்து அனுப்புவேன். என் கையெழுத்து எப்படியிருக்கும் என்று நீ வடிவாகப் பார்க்க வேண்டும்.

உனக்கு இரண்டு வயதாக இருந்தபோது நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. இலக்கணமும் கடிதம் எழுதுவதும் படிப்பித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதும், அதிபர் என்னைக் கூப்பிட்டு, "இனி நீங்கதான் டீச்சர்" என்றார். எனக்கு ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஆசிரியர் கலாசாலையில் மொழி படித்தவள். அந்தப் பழைய இலக்கியம் எனக்கு இருட்டறை. நடுக்காலத்திலிருந்து மறுமலர்ச்சிக் காலம் வரைக்கும் ஒரு நீண்ட பகுதி பாடத்திட்டத்தில் இருந்தது. பெயர் தெரியாதவர்கள் பாடிய தாலாட்டுகள், திருநாட்களில் வண்டிகளின் மேல் தெருத்தெருவாக நடித்த சமய நாடகங்கள், பிறகு அரசவைக்காரர்கள் எழுதிய பதினான்கு வரிக் காதல் பாட்டுகள், மரணத்தைப் பார்த்து வாதாடும் கவிதைகள். ஆனாலும் "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு வழிகாட்டிப் புத்தகம்தான் எனக்கிருந்த ஒரே துணை. அதைப் பார்த்துக் குறிப்புச் சொல்வேன், ஆறு பிள்ளைகள் எழுதுவார்கள். காதல் பாட்டுகள் வந்தால், வரியை எண்ணுங்கள், கடைசிச் சொல்லின் ஓசையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பொருள் சொல்ல வெட்கம் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். பாதி வரிகளுக்கு எனக்கே பொருள் தெரியாது.

அந்த ஆறு பேரில் ஒருத்திதான் ஜெசீமா. சாய்ந்தமருதைச் சேர்ந்த பிள்ளை. அவளுடைய வாப்பா ஆதம்பாவா, கரைவலை இழுக்கிறவர். மெலிந்த பிள்ளை, வகுப்பில் அதிகம் பேசாது. பாடசாலை விட்டதும் நேரே பொது நூலகத்துக்குப் போய்விடும். அங்கே யாரும் தொடாத தடித்த ஆங்கில அகராதி ஒன்று கிடந்தது. பழைய சொற்கள் எந்தக் காலத்தில் என்ன பொருளில் வழங்கின என்று விரிவாகச் சொல்லும் அகராதி. பக்கத்திலேயே கறையான் பாதி தின்ற இலக்கிய வரலாறு ஒன்றும் இருந்தது. அந்த இரண்டையும் அவள் ஒன்றரை வருடமாக வாசித்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஒரு நாள் ஒரு தாலாட்டு எடுத்தேன். தூங்கும் குழந்தையைத் தாய் 'சில்லி' என்று அழைக்கிறாள். "மூடக் குழந்தையே என்று தாய் செல்லமாக ஏசுகிறாள்" என்று குறிப்புச் சொன்னேன். ஜெசீமா எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்தக் காலத்தில அந்தச் சொல்லுக்கு மூடன் எண்டு கருத்தில்ல. பறக்கத்தான, அல்லாஹ்ட அருள் கிடைச்ச, பாவமறியாத, ஒண்டுமறியாத புள்ள எண்டுதான் கருத்து. பொறகுதான் மூடன் எண்டு மாறினது."

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைக் கோபப்படுத்தியது. "அப்பிடியா? அந்தக் கருத்துப்படி பாத்தா நீயும் ஒரு சில்லிதான்" என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'சில்லி ஜெசீமா' என்று இடைவேளையில் கூப்பிடுவார்கள். நான் கேட்டும் கேளாதவள்போல நடந்து போவேன். நீ இந்த ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்கு விரிவுரை செய்யப் போகிறாய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான்: வகுப்பில் யாராவது எழுந்து நின்று நீ சொன்னது பிழை என்று சொன்னால், வாயைத் திறக்க முன்பு கதிரையில் உட்கார்ந்துகொள். உட்கார்ந்தால் கோபம் அரைவாசி இறங்கிவிடும். பிறகு, "எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல். அந்த வசனம் என் வாயிலிருந்து வர இருபத்தெட்டு வருடம் எடுத்திருக்கிறது.

அந்தத் தவணைப் பரீட்சையில் வண்டி நாடகங்களைப் பற்றி ஒரு வினா கொடுத்தேன். என் குறிப்பில் அதற்கு ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. ஜெசீமா ஆறு பக்கம் எழுதியிருந்தாள். அந்த நகரங்களில் ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒவ்வொரு காட்சி சொந்தம் என்றும், ரொட்டி சுடுகிறவர்கள் ஒரு காட்சி போடுவார்கள், கப்பல் கட்டுகிறவர்கள் ஒரு காட்சி போடுவார்கள் என்றும், நூஹு நபியின் வெள்ளத்தைக் காட்டும் காட்சியை மீன்பிடிக்கிறவர்கள்தான் போட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள். "தண்ணீரை அறிந்தவர்களிடமே தண்ணீரின் கதையைக் கொடுத்தார்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதை வாசித்துவிட்டு சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்படி ஒரு வரியை என் வாழ்நாளில் நான் எழுதியதில்லை. அடுத்த நாள் விடைத்தாளைக் கொண்டுபோய் அதிபரின் மேசையில் வைத்து, "இது பாத்தெழுதினது சேர்" என்றேன்.

இதை மட்டும் உன்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரியும், மகள். ஏதோ சந்தேகத்தில் சொல்லவில்லை. ஆறு பிள்ளைகள், ஓர் அறை, முன்னால் நான். பார்த்தெழுத அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. அவள் தலையில் இருந்துதான் அது வந்தது என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவளுடைய பையைச் சோதித்தார்கள். தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது, அவள் தன் கையால் பழைய சொற்களை எழுதி நிறைத்த நோட்டுப் புத்தகம். அதைச் சாட்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். அவளுடைய வாப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆதம்பாவாக் காக்கா கரையிலிருந்து அப்படியே வந்திருந்தார். சாரத்தின் ஓரம் நனைந்து, காலில் மணல். அதிபரும் நானும் கதிரையில் இருந்தோம். அவரை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

"டீச்சர், என்ட புள்ள எந்நேரமும் லைப்ரரிலதான் கிடக்கிறவ. வாசிச்சதை எழுதினா அது களவா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "ராவைக்கும் சொல்லிச் சிரிச்ச. அந்த நாட்டிலயும் மீன்காரன்தானாம் வாப்பா நூஹு நபிட கதைய நடிச்சிக் காட்டினது எண்டு."

"காக்கா, இது உங்களுக்கு விளங்காது" என்றேன். "இதுல இரிக்கிற மாதிரி என்னாலயே எழுத ஏலா. உங்கட மகள் எப்பிடி எழுதுவா?"

அவர் என்னை நம்பினார். படித்த டீச்சர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பியது அவர் முகத்தில் தெரிந்தது. மெல்ல மகள் பக்கம் திரும்பி, "உண்மையாவா மகள்?" என்று கேட்டார். ஜெசீமா அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதத் தெரியவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் போதும் என்றார் அதிபர். "செய்யாத வேலைக்கு நான் எழுதமாட்டன் சேர்" என்றாள். அன்றைக்குப் பாடசாலையிலிருந்து போனவள் திரும்பி வரவில்லை. பரீட்சைக்கும் தோற்றவில்லை. இரண்டு வருடத்தில் கலியாணம் முடிந்தது என்று கேள்விப்பட்டேன். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எவ்வளவு இலகுவாக இருந்தது!

அடுத்த விடுமுறையில் கொப்பியைத் திறந்தேன். மூன்று நிரலாகக் கோடு போட்டிருந்தாள். முதலில் சொல், பிறகு பழைய பொருள், கடைசியில் எங்கள் தமிழில் ஒரு விளக்கம். 'மீட்' என்றால் அந்தக் காலத்தில் எல்லாச் சாப்பாடும். இறைச்சி மட்டும் என்பது பிறகு வந்தது. 'டீர்' என்றால் எந்த மிருகமும். பிறகு மான் மட்டும். 'நைஸ்' என்று ஒருவனைச் சொன்னால் அவன் புத்தியில்லாதவன். 'கேர்ள்' என்றால் பெடியனும்தான், பெட்டையும்தான். பக்கத்தில் சின்ன எழுத்தில், "எங்கட 'நாற்றம்' மாதிரி. முந்தி வாசம், இப்ப கெட்ட மணம்" என்று எழுதியிருந்தாள். 'சில்லி' நான்காம் பக்கத்தில் இருந்தது. நான் நூலகத்துக்குப் போய் அந்தத் தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். அவள் வகுப்பில் சொன்னது அத்தனையும் சரி. சாய்ந்தமருது பஸ்ஸில் பத்து நிமிடம். அன்றைக்கே போயிருக்கலாம். அவள் அந்த வருடப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க இன்னும் காலம் இருந்தது. நான் நூலகத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்தேன். வந்து, கொப்பியின் முதல் ஒற்றையைக் கிழித்தேன். அதில்தான் அவள் பெயர் இருந்தது.

உன் ஆராய்ச்சி முழுவதும் பெயர் தெரியாதவர்களின் பாட்டுகளைப் பற்றியது. அவற்றைப் பாடியவர்களில் பெண்களும் இருந்திருப்பார்கள், பெயர்தான் காலத்தில் தொலைந்துவிட்டது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறாய். பெயர் காலத்தில் தொலைவதில்லை, மகள். ஒருத்தி தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாளைக் கிழிக்கிறாள். அவ்வளவுதான்.

அடுத்த வருட வகுப்புக்கு அந்தக் கொப்பியை வைத்துப் படிப்பித்தேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். பெறுபேறு வந்தபோது அந்தப் பாடத்தில் எல்லோருக்கும் நல்ல சித்தி. பிறகு அக்கரைப்பற்று, மருதமுனை என்று எல்லாப் பக்கமும் பிள்ளைகள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். கொப்பியில் இருந்ததைத் தட்டச்சு செய்து, முன்னட்டையில் என் பெயரைப் போட்டுப் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தேன். 'பழைய சொல் டீச்சர்' என்று பேர் வந்தது. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். உன் வாப்பா ஒரே ஒரு முறைதான் கேட்டார். "அந்தப் புள்ளைர கொப்பிய இன்னும் குடுக்கல்லையா?" என்றார். "குடுக்கணும்" என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை. கேட்காமலே மௌத்தாகிப் போனார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். அவர் இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்று சில வேளை நினைப்பேன். அந்த நினைப்பும் பழியை அவர்மேல் போடும் வேலைதான்.

சுனாமி உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒன்பது வயது. கல்முனைக்குடி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து போனது. நாங்கள் கடலிலிருந்து தள்ளி மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். சேறு நிறைந்த வீட்டுக்குள் நான் முதலில் எங்கே ஓடினேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அலுமாரிக்கு. உன் பிறப்புச் சான்றிதழுக்காகவும் இல்லை, நகைக்காகவும் இல்லை. அந்தக் கொப்பிக்காக. ஓரமெல்லாம் ஊறிப்போயிருந்தது. மொட்டைமாடியில் ஒவ்வொரு தாளாக விரித்துக் காயவைத்தோம். நீ பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே ஒவ்வொன்றாக வாசித்தாய். டீர் என்றால் எல்லா மிருகமுமா, அப்படியென்றால் யானையும் டீரா என்று கேட்டுச் சிரித்தாய். அத்தனை மரணத்துக்கு நடுவில் நீ சிரித்த முதல் சிரிப்பு அது. அதற்குப் பிறகுதான் கேட்டாய்.

"உம்மா, இது எல்லாம் நீங்க எழுதினதா?"

"ஓம்" என்றேன்.

"உங்கட எழுத்து மாதிரி இல்லையே?"

"அது நான் படிக்கிற காலத்தில எழுதினது, கிளி. அப்ப எழுத்து வேற."

நீ நம்பினாய். அன்றைக்குத்தான் உனக்கு அந்தக் கதவு திறந்தது என்று பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாய். சாய்ந்தமருதில் கடற்கரையோடு இருந்த தெருக்கள் அப்படியே இல்லாமல் போனது எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் ஜெசீமாவைத் தேடவில்லை. அவள் எழுதிய தாள்களைக் காயவைத்துக்கொண்டிருந்தேன், எழுதியவள் இருக்கிறாளா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்றும் பயம், இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்றும் பயம்.

உன் சமர்ப்பணப் பக்கத்தின் படம் வந்த நான்காம் நாள்தான் கேட்டேன். ஒரு பழைய மாணவி மூலம் விலாசம் கிடைத்தது. கடற்கரையில் இருந்த சீதன வீடு அள்ளுப்பட்ட பிறகு, கணவனின் ஊரான மாவடிப்பள்ளிக்கே வந்துவிட்டாளாம். நாங்கள் அகதியாகக் கிடந்த அந்தப் பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி. திங்கட்கிழமை காலை ஓட்டோ பிடித்துப் போனேன். வயலில் வெட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தது. அதைக் காலால் அளைந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "டீச்சர்!" என்றாள். "என்ன இந்த வெயிலுக்குள்ள? உள்ளுக்கு வாங்க." ஓடிப் போய்க் கதிரையைத் துடைத்துப் போட்டாள். எனக்கு அதில் உட்காரக் கூசியது.

தேத்தண்ணி வைக்கப் போனவளைக் கூப்பிட்டு நிறுத்தி, கொப்பியை மேசையில் வைத்தேன். அவள் சிறிது நேரம் தொடவில்லை. கையைத் துணியில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு திறந்தாள்.

"முதல் ஒற்றை எங்க?"

"நான் கிழிச்சன்."

"என்னத்துக்கு?"

"உங்கட பேர் இருந்த."

எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்துகொண்டே பொய் சொன்னதையும், அகராதியில் பார்த்ததையும், முன்னட்டையில் என் பெயர் போட்டதையும், நீ கேட்டதற்கு ஓம் என்றதையும், உன் புத்தகத்தையும் சொன்னேன். இடையில் அவள் ஒரு தடவை கொப்பியின் ஒரு வரியில் விரலை வைத்து, "இது பிழை. ரெண்டு காலத்தையும் மாத்தி எழுதியிரிக்கன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்பதற்கு வீட்டிலிருந்து நல்ல வசனங்கள் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "பொறுத்துக்கொள்ளுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"கோவமில்லை எண்டு பொய் சொல்லமாட்டன் டீச்சர்" என்றாள். "கன காலம் இங்கிலீஷ் எழுத்துக் கண்ணுல பட்டாலே முகத்தைத் திருப்பிக்குவன். புள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கவும் மாட்டன். இப்ப அதெல்லாம் போயிட்டு. என்ட பங்கை நான் பொறுப்பன். இண்டைக்கில்லாட்டியும் ஒரு நாளைக்குப் பொறுப்பன். ஆனா வாப்பாட பங்கு இரிக்கே." அவள் நிறுத்தி, முற்றத்தில் நெல்லைக் கொத்த வந்த கோழியைச் சூ என்று விரட்டினாள். "அவர் சுனாமில போன. அதுக்கு முந்தின வருஷம் என்ட மூத்தவ பொறந்த நேரம் புள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு, 'நீ அண்டைக்குப் பாத்தெழுதல்லதானே மகள்?' எண்டு கேட்டார். ஆறு வருஷத்துக்குப் பொறகு! இல்ல வாப்பா எண்டன். 'அப்ப டீச்சர் என்னத்துக்கு அப்பிடிச் சொன்ன?' எண்டார். எனக்குப் பதில் தெரியல்ல. அவர் அந்தச் சந்தேகத்தோடதான் போன. அவருக்காக நான் எப்பிடி டீச்சர் பொறுக்கிற?"

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவள்தான் பிறகு சொன்னாள். "உம்மா இரிக்கிறா. சாய்ந்தமருதில, தங்கச்சிட வீட்டில. அவவுக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டன். தனியப் போங்க."

அடுத்த நாள் போனேன். கடற்கரையிலிருந்து தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடுகள், ஒன்றோடொன்று முட்டினாற்போல. ஆதம்பாவாக் காக்காவின் மனைவி வாசலில் கதிரை போட்டு வெயிலுக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். ஸலாம் சொல்லிவிட்டு அருகில் குந்தினேன்.

"அந்தக் காலத்தில பாடசாலையில ஒரு தவறு நடந்திட்டு" என்று மெல்லிய குரலில் தொடங்கினேன்.

"என்ன புள்ள? எனக்குக் காது கேக்காது. சத்தமாச் சொல்லுங்க."

"ஜெசீமாட பரீட்சையில ஒரு பிழை நடந்த" என்றேன், கொஞ்சம் உரத்து.

"கேக்கல்ல. நல்லாச் சத்தமாச் சொல்லுங்க!"

பக்கத்து வீட்டில் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வருடம் வகுப்பில் கத்திய குரல் என்னுடையது, அன்றைக்கு அது வரவில்லை. நடந்திட்டு, நடந்த என்று தானாக நடந்ததுபோலச் சொல்லிச் சமாளிக்கும் வசனம் ஒன்றும் அந்தக் காதுக்குள் போகாது என்று விளங்கியது. எழுந்து நின்றேன்.

"உங்கட மகள் களவெடுக்கல்ல! நான் பொய் சொன்னன்! அவட கொப்பியக் களவெடுத்தது நான்!"

குழாய்ச் சத்தம் நின்றது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "நான் பெத்த புள்ள. களவெடுக்குமா? இவருக்குத்தான் விளங்காமப் போச்சு. டீச்சர் பொய் சொல்லமாட்டா, படிச்சவங்க எண்டு சொல்லிச் சொல்லியே தேஞ்ச மனுசன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

"உங்களுக்குக் கேக்கல்லையா?"

"எனக்குக் கேட்டுட்டு. அந்தா மதிலடியில நிக்கிறவளுகளுக்கும் கேக்கட்டும். இந்தத் தெருவில பாதிப் பேர் அந்தப் பழைய தெருவில இருந்த ஆக்கள்தான்."

நான் மறுபடியும் சொன்னேன், மகள். தெருவைப் பார்த்துத் திரும்பி நின்று, முன்னைவிடச் சத்தமாக, என் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். மேடையில் பொன்னாடை போர்த்தியபோது பேசியதைவிட அது நீளம் குறைந்த பேச்சு. உண்மையான பேச்சு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மனம் இலேசாகும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு இலேசாகவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகம் எரிந்தது. அது எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. நீ கற்றது பொய்யில்லை. அந்த மொட்டைமாடியில் நீ வாசித்த சொற்கள் உண்மை, கொடுத்தவள் பெயர்தான் பிழை. உனக்கு என்மேல் கோபம் வந்தால் அதை அடக்காதே. கொஞ்ச நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிடு. அந்த இடத்தில் யாருடைய பெயரைப் போடுவது என்று நானே ஜெசீமாவிடம் கேட்டேன். "அது உங்கட வேலையில்ல டீச்சர்" என்றாள். "புத்தகம் எழுதினவ என்னட்டக் கேக்கட்டும்." அது சரி. அவளுக்காக நான் பேசிய காலம் போதும்.

அவளுடைய தொலைபேசி எண்ணைக் கடைசித் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இங்கே பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடு, நெல்லை அள்ளிவிட்டுச் சும்மா இருப்பாள். நீ யாருடைய மகள் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருக்கக்கூடும். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. காத்திரு.

உன் உம்மா